புதிய ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடலாமா? பெங்களூருப் பதிப்பின் சங்கக் கிளை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கிளைச் செயலாளர், பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழில் பதினான்கு ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊழியர் சங்கக் கிளையின் செயலாளர் பொறுப்பு போன மாதம் என்னிடம் வந்தது. முன்பிருந்தவர் ஓய்வு பெற்றபோது என்னிடம் ஒப்படைத்தவை ஒரு ரசீதுப் புத்தகமும், ரப்பர் முத்திரையும், 2019-க்குப் பிறகு ஒரு கூட்டக் குறிப்புகூட எழுதப்படாத பதிவேடும்தான். ஆசிரியர் குழு, அச்சகம், பார்சல் பிரிவு, விளம்பரப் பிரிவு எல்லாம் சேர்த்து நாங்கள் 43 பேர்.

இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்து நிர்வாகம் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறது. தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஆள் வழங்கும் வேறொரு நிறுவனத்தின் மூலம் ஓராண்டு ஒப்பந்தத்தில் அதே இருக்கையில் அதே வேலையைத் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். சம்பளம் குறையாது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். ஆனால் நான்காம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், "இந்த நாள் வரை எனக்குச் சேர வேண்டிய எந்தத் தொகையும் பாக்கி இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றால் தாளைக் கொடுக்க மறுக்கிறார்கள். பார்சல் பிரிவில் ஆறு பேர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார்கள். தமிழும் பேச்சுக் கன்னடமும் மட்டுமே அறிந்த அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட என்னை வருத்துவது எங்களுக்குள் இருக்கும் பிளவு. செய்தித்தாள் ஊழியர்களின் சம்பளத்தை நிர்ணயிக்க மத்திய அரசு அமைத்த மஜீதியா ஊதிய வாரியத்தின் பரிந்துரை வந்த காலத்தில் ஆசிரியர் குழுவினருக்கு மட்டும் ஏதோ ஓர் உயர்வு கிடைத்தது. அச்சகம் தனி நிறுவனத்தின் பெயரில் இயங்குவதால் அங்குள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அப்போது சொல்லப்பட்டது; எங்களில் யாரும் அவர்களுக்காகப் பேசவில்லை. அதனால் இப்போது நான் கூட்டத்துக்கு அழைத்தால், "உங்கள் பிரச்சினை வந்தவுடன் எங்கள் நினைவு வருகிறதா?" என்று மெஷின் பிரிவினர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரவுப் பணியிலும் முறையீடுகள் இருக்கின்றன. வடிவமைப்பாளர்களுக்கு மூன்று வாரம் தொடர்ந்து இரவுப் பணி போடுகிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வண்டியைச் செலவு காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையில் கிளை முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்? தாளில் கையெழுத்திட மறுத்தால் சட்டம் எங்களுக்குத் துணை நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற அச்சக ஃபோர்மேன், ஸ்ரீராம்புரம்

தம்பிக்கு வணக்கம். நான் வேறொரு பத்திரிகையின் அச்சகத்தில் 31 ஆண்டுகள் மெஷினில் நின்றவன். சட்டத்தைப் பற்றிச் சொல்ல இங்கே தகுந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மெஷின் பிரிவினர் உங்களிடம் கேட்ட கேள்வி நியாயமானது. நீங்கள் அச்சகத்துக்கு நேரில் போய், மெஷின் ஓடாத மாலை நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து, அன்று பேசாமல் இருந்தது தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்றறிக்கை ஒட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் அச்சகத்திலும் இதே கசப்பு இருந்தது. ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு பெரியவர் இரவு இரண்டு மணிக்கு, இங்க் படிந்த எங்கள் பெஞ்சில் வந்து அமர்ந்து டீ குடித்த நாளில்தான் அது கரையத் தொடங்கியது.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு ஒன்றில் ஒவ்வோர் இரவும் எழுதுவேன்: கடைசி பிளேட் (பக்கத்தை அச்சிடும் உலோகத் தகடு) கைக்கு வந்த நேரம், மெஷின் ஓடத் தொடங்கிய நேரம், எத்தனை முறை பேப்பர் அறுந்து மெஷின் நின்றது, மாற்றிய ரீல்கள், அன்று பணியில் இருந்தவர்களின் பெயர்கள், கடைசிக் கட்டு வண்டியேறிய நேரம். என் வேலைக்காகத்தான் எழுதினேன்; மறுநாள் அச்சுத் தரத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு கட்டத்தில் மிகைநேரச் சம்பளத்துக்காகச் சங்கம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. நிர்வாகம் கொண்டுவந்த வருகைப் பதிவேட்டில் நாங்கள் அத்தனை பேரும் எல்லா நாளும் சரியாக இரண்டு மணிக்கு வெளியேறியதாக, ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. என் நோட்டில் நான்கு மணி பத்து நிமிடம் என்றும், நான்கரை என்றும் இருந்தது. என் நோட்டை மட்டும் வைத்து யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பிளேட் அறையில் இருந்த தம்பி தன் பதிவைக் கொண்டுவந்தார். வாயிற்காவலரின் வண்டிப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினோம். மூன்றும் நாள் தவறாமல் பொருந்தின. கேட்ட தொகை முழுவதும் கிடைக்கவில்லை என்றாலும், அதற்குப் பிறகு யாரும் எங்கள் நேரத்தை உட்கார்ந்த இடத்தில் எழுதவில்லை.

உங்கள் கணினியில் ஒவ்வொரு பக்கமும் அனுப்பிய நேரம் பதிவாகிறது. அதற்குப் பிறகு பிளேட் எடுத்த நேரம், மெஷின் கவுன்டர், வாயிலில் வண்டி வெளியேறிய நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உங்கள் கடைசிப் பக்கம் பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்தால் மெஷின்காரர் ஒன்றேகாலுக்கு ஓட்டுவார், பார்சல்காரர் மூன்றரைக்கு ஏற்றுவார், ஓசூர் ஏஜென்ட் காலையில் அவரைத்தான் திட்டுவார். ஒருவர் தாமதம் அடுத்தவர் தலையில் விழும் வேலை இது. ஆகவே ஒரு பிரிவின் நேரக் கணக்குக்கு மற்றப் பிரிவுதான் சாட்சி. கிளையின் முதல் வேலையாக, பிரிவுக்கு ஒருவராக நான்கு பேரிடம் நான்கு நோட்டுகளை வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சகத்துக்குப் போகும்போது மெஷினின் பாதுகாப்புத் தடுப்புகள் அனைத்தும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேகத்துக்காக, அச்சான தாளை மடிக்கும் ஃபோல்டர் பக்கத்துத் தடுப்பைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மெஷினை முழுவதும் நிறுத்தாமல், மெதுவாகச் சுழலவிட்டே உருளையின் மேலுள்ள ரப்பர் உறையான பிளாங்கெட்டைத் துடைக்கச் சொல்வார்கள். துணியின் ஓரம் உருளைகளின் நடுவே சிக்கினால், துணியை விடவேண்டும் என்று மூளை நினைப்பதற்குள் விரல் உள்ளே போய்விடும். என் இடது கை மோதிர விரலின் மேற்கணு அப்படிப் போனதுதான். மெஷின் பிரிவினர் உங்களை நம்ப வேண்டுமானால், சம்பளத்துக்கு முன்பாகவே இந்தத் தடுப்பைப் பற்றி எழுதிக் கொடுங்கள்.

பதில் 2: தொழிலாளர் வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர், பெங்களூரு

தோழர் கேட்ட முக்கியமான கேள்விக்கு நேராக வருகிறேன். அந்தத் தாளில் தனித்தனியாக யாரும் கையெழுத்திட வேண்டாம். மறுப்பை வாயால் சொல்லவும் வேண்டாம். தாளின் நகலைத் தமிழிலோ கன்னடத்திலோ தர வேண்டும், படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும், இதைப் பற்றிச் சங்கத்துடன் பேச வேண்டும் என்று கிளையின் பெயரில் ஒரே கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். அதன் நகலைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள்.

ராஜினாமா என்ற சொல்லில்தான் அதிக ஆபத்து இருக்கிறது. அதில் கையெழுத்திட்டால் உங்கள் பதினான்கு ஆண்டுத் தொடர் சேவை அன்றோடு முடிகிறது. பின்னால் ஆட்குறைப்பு வந்தால், சேவைக் காலத்துக்கேற்பக் கிடைக்க வேண்டிய இழப்பீடு புதிய ஓராண்டுக் கணக்கிலிருந்து தொடங்கும். பணிக்கொடையின் நிலையையும் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்றால், மாதத்தை 26 நாளாகக் கொண்டு 15 நாள் சம்பளம் 15,000 ரூபாய். பதினான்கு ஆண்டுகளுக்கு 2,10,000 ரூபாய். "எந்தத் தொகையும் பாக்கி இல்லை" என்ற வரியின் மேல் கையெழுத்திட்டவர், இந்தப் பணத்தையே பின்னால் வாதாடி வாங்க வேண்டியிருக்கும்.

இனி மஜீதியா. மத்திய அரசு அந்தப் பரிந்துரைகளை 2011 நவம்பர் 11 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. அதை எதிர்த்துப் பத்திரிகை நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை, தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2014 பிப்ரவரி 7 அன்று தள்ளுபடி செய்தது. 2014 மார்ச் வரையிலான நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் கொடுக்கவும் உத்தரவிட்டது. பல நிறுவனங்கள் கொடுக்கவில்லை. பழைய சம்பளமே போதும் என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, விரும்பும் ஊழியர் பழைய சம்பளத்திலேயே தொடரலாம் என்னும் பரிந்துரையின் 20-ஜே பிரிவைக் காட்டின. நீதிமன்ற அவமதிப்பு மனுக்களில் 2017 ஜூன் 19 அன்று வந்த தீர்ப்பு நிறுவனங்களை அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளாக்கவில்லை. ஆனால் நமக்கு மிகவும் தேவையான விளக்கங்களை அது தந்தது. வாரியம் நிர்ணயித்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு 20-ஜே வழிவிடாது என்பதும், ஒப்பந்த ஊழியர்களுக்கும் பரிந்துரை பொருந்தும் என்பதும் அவற்றில் முக்கியமானவை. தொகை பற்றிய தகராறுகளை 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி கேட்டுப் பெற வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அச்சகம் தனி நிறுவனம் என்று அன்று சொல்லப்பட்டதை நான் ஏற்கவில்லை. செய்தித்தாள் அச்சிடுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட அச்சகத்தையும் செய்தித்தாள் நிறுவனமாகவே கொள்ள வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. கிளைகளும் வெவ்வேறு பிரிவுகளும் அந்த நிறுவனத்தின் பகுதிகளே. பத்திரிகையாளர் அல்லாத ஊழியருக்கும் அந்தச் சட்டத்தின் கீழ் ஊதிய வாரியம் இருந்தது. ஆகவே மெஷின் பிரிவினரின் நிலுவையைத்தான் கிளை முதலில் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. அவர்களின் மனக்குறையை ஆற்றவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன; 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. செய்தித்தாள் ஊழியர்களுக்கென்று தனி ஊதிய வாரியம் அமைக்கும் ஏற்பாடு புதிய தொகுப்புகளில் இல்லை. 1950-களின் முதல் பத்திரிகை ஆணையத்தின் காலத்திலிருந்து போராடிப் பெற்ற ஒன்று இப்படிக் கைவிட்டுப் போவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆனால் பழைய சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் உங்களுக்குச் சேர்ந்துவிட்ட உரிமை, சட்டம் நீங்கியதால் மட்டும் அழியாது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டம் (General Clauses Act) அதைக் காக்கிறது. தாமதித்தால் எதிர்த்தரப்பு தாமதத்தையே வாதமாக்கும் என்பதால் விரைவாக மனு கொடுங்கள். நிர்வாகம் இப்போது அவசர அவசரமாக நான்காம் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்திருப்பதன் காரணம் இந்த நிலுவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிய தொகுப்புகளிலும் உங்களுக்கு உதவும் பிடிமானங்கள் இருக்கின்றன. சம்பளம், பணி நேரம், விடுப்பு போன்றவற்றை மாற்ற விரும்பும் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புள்ள பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றவும் முடியாது. ஆகவே தகராறை உடனடியாகத் தொழிலாளர் துறையில் பதிவு செய்யுங்கள். பன்னேர்கட்டா சாலையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போகும்போது கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மனுவைக் கன்னடத்தில் கொடுத்தால் அலுவலர் உங்கள் முன்னிலையிலேயே படித்துக் கேள்வி கேட்பார். என் அனுபவத்தில் அது பல வாரங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் இடத்தில், வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கமாகும். நிர்வாகம் இன்னொரு சங்கத்தைத் தூண்டிவிட்டாலும் நிலைத்து நிற்க, சந்தா ரசீதை மாதந்தோறும் தவறாமல் எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்ட அந்த ஆறு பேரையும் விட்டுவிடாதீர்கள். தாங்கள் படிக்க முடியாத மொழியில் இருந்த தாளில், விளக்கம் எதுவும் சொல்லப்படாமல் கையெழுத்து வாங்கப்பட்டது என்று அவர்கள் ஒவ்வொருவரும் இந்த வாரமே எழுதி அனுப்ப வேண்டும். நாள் கடந்தால் அந்தக் கடிதத்தின் வலு குறையும்.

பதில் 3: மெய்ப்புத் திருத்துநர், பெங்களூரு

நானும் இதே நகரத்தில் ஒரு நாளிதழில் பணிபுரிகிறேன். மேலே வழக்கறிஞர் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மெய்ப்புத் திருத்துநர் வெறும் எழுத்தர்தான் என்று எங்கள் அலுவலகத்தில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உழைக்கும் பத்திரிகையாளர் யார் என்று சொல்லும் பட்டியலில் செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், செய்திப் புகைப்படக்காரர் ஆகியோரோடு மெய்ப்புத் திருத்துநரும் இருக்கிறார். இதை ஒரு நண்பர் எடுத்துக் காட்டிய நாளில், பன்னிரண்டு ஆண்டுகளாக யாரோ என் இடத்தை மறைத்து வைத்திருந்தது போல உணர்ந்தேன். உங்கள் கிளையில் ஒவ்வொருவரின் பதவிப் பெயரையும், அவர் உண்மையில் செய்யும் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேலாளர் என்ற பெயரைச் சூட்டிச் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட துணை ஆசிரியர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

இரவுப் பணி குறித்து: பழைய சட்டத்தின் கீழ் நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரத்துக்கு மேல் பத்திரிகையாளரிடம் வேலை வாங்கக் கூடாது என்றிருந்தது, பதினான்கு நாளில் ஒரு வாரத்துக்கு மேல் இரவுப் பணி போடக் கூடாது என்று அதன் விதிகள் சொல்லின. மூன்று வாரம் தொடர்ந்து இரவுப் பணி என்பதைப் பழைய பணிப் பட்டியல்களின் நகல்களோடு மனுவில் சேருங்கள். பட்டியலைச் சுவரிலிருந்து கிழிப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

வண்டி விஷயத்தைச் செலவுக் கணக்காக விட்டுவிடக் கூடாது. இரவு ஏழு மணிக்குப் பிறகு பெண்களைப் பணியில் அமர்த்த அவர்களின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்று புதிய தொகுப்பே சொல்கிறது. ஒன்றரை மணிக்கு அலுவலக வாசலில் நின்று, வாடகைக் கார் ஓட்டுநர் பயணத்தை ரத்து செய்ய, அடுத்த வண்டிக்காகக் கைப்பேசியில் எஞ்சியிருந்த நான்கு விழுக்காடு மின்னூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த இரவைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் இன்னும் மூன்று பெண்கள் கையெழுத்திட்ட பிறகுதான் எங்களுக்கு வண்டி திரும்ப வந்தது. உங்கள் கிளை நிர்வாகிகளில் பெண் ஒருவராவது இருக்கிறாரா என்று அறிய விரும்புகிறேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முதலில் சகோதரியின் கேள்விக்கு: கிளை நிர்வாகிகளில் பெண் யாரும் இல்லை. இரவுப் பணியில் இருக்கும் துணை ஆசிரியர் ஒருவரை இணைச் செயலாளராக இருக்கக் கேட்டிருக்கிறேன். வண்டி தொடர்பான கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஃபோர்மேன் ஐயா சொன்னபடி நேற்று மாலை பீன்யாவில் உள்ள அச்சகத்துக்குப் போனேன். முதல் அரை மணி நேரம் யாரும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்று நாங்கள் வாய் திறக்காதது தவறு என்று சொன்னேன். அதற்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு மூத்த ஆபரேட்டர் ஒருவர் எழுந்து, என்னை மெஷினின் பின்பக்கம் அழைத்துச் சென்று காட்டினார். ஃபோல்டர் பக்கத்துத் தடுப்பு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் படிந்திருந்த காகிதத் தூசியைப் பார்த்தால் பல மாதங்களாக அது அங்கேயே இருப்பது தெரிந்தது. அதைப் படம் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அங்கேயே கடிதம் எழுதினேன். பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். நான்கு பக்கத் தாள் குறித்த கூட்டுக் கடிதத்தில் அவர்கள் இன்னும் கையெழுத்திடவில்லை. இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்த பிறகு சொல்கிறோம் என்றார்கள். அது அவர்கள் உரிமை.

பார்சல் பிரிவினர் ஆறு பேரில் நால்வர் மறுப்புக் கடிதம் எழுதச் சம்மதித்துவிட்டார்கள். மற்ற இருவரின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நோட்டுகள் நான்கும் வாங்கியாகிவிட்டன. பிளேட் அறையின் நோட்டில் நேற்றிரவுக் கணக்கின் முதல் வரி விழுந்துவிட்டது: கடைசி பிளேட், 12.48. என் கணினியில் அந்தப் பக்கம் அனுப்பப்பட்ட நேரம் 12.31. திங்கட்கிழமை காலை கார்மிக பவனுக்குப் போகிறோம். வழக்கறிஞர் அவர்களிடம் மனுவின் வரைவைக் காட்ட விரும்புகிறேன். எந்த நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.